தடைக்காலத்தில் ஒரு சர்வர்: பாதியில் நின்ற ஃபர்ம்வேர் அப்டேட்டை மீட்ட அனுபவம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபத்தில் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், எஞ்சினைப் பிரித்து மாட்டுவதும், பெயின்ட் அடிப்பதும் அந்த இரண்டு மாதத்தில்தான். நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் மீன் ஏற்றுமதிக் கம்பெனியிலும் சர்வரை நிறுத்தித் திறந்து பார்க்க அந்த நாட்களை விட்டால் வேறு நாள் கிடையாது. மற்ற மாதங்களில் ஒரு மணி நேரம் நிறுத்தக் கேட்டால்கூடக் கணக்கு பார்க்கும் அக்கா சம்மதிக்க மாட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான். எடை போட்ட மீன் ஐஸில் காத்திருக்கும். படகுக்காரர்கள் சீட்டுக்காக நிற்பார்கள்.

அந்த சர்வரை 2013இல் வாங்கினார்கள். ஆள் இடுப்பு உயரப் பெட்டி, நான்கு ஹார்ட் டிஸ்க். எந்தப் படகிலிருந்து எத்தனை கிலோ நண்டு, கணவாய், இறால் வந்தது, யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறது என்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் சரக்குக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். எந்தப் படகு, எப்போது பிடித்தது என்பதை அதில் காட்டியாக வேண்டும். அந்தப் பதிவுகளும் இதே பெட்டியில்.

புதிய சர்வர் வாங்கும் நிலையில் முதலாளி இல்லை. என்னிடம் ஒரு யோசனை இருந்தது. பெட்டியில் இருந்தது 2012 மார்ச்சில் வெளியான இன்டெல் ஜியான் இ5-2600 வரிசைச் செயலி, 6 கோர். 2013 செப்டம்பரில் அதே வரிசையின் இரண்டாம் பதிப்பு வந்தது. சாக்கெட் அதேதான், எல்ஜிஏ 2011. இரண்டாம் கை 10 கோர் செயலி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதைப் போட்டால் இன்னும் சில ஆண்டு ஓடும். ஆனால் மதர்போர்டின் பயாஸ், அதாவது பெட்டி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள் (ஃபர்ம்வேர்), பழையது. புதிய செயலியை அது அடையாளம் காணாது. பழைய செயலி சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதன் பிறகுதான் செயலியை மாற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

மே கடைசி வாரம், ஒரு வெள்ளி மாலை வேலையைத் தொடங்கினேன். இரண்டு காரியங்களை ஒழுங்காகச் செய்திருந்தேன். கணக்கு முழுவதையும் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை என் மடிக்கணினியில் திறந்து, அக்காவை உட்கார வைத்து நான்கு சீட்டுகளைத் தேடச் சொல்லிச் சரிபார்த்தேன். பிரதி எடுத்தோம் என்பதோடு நின்றுவிடக் கூடாது. அது திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது பிரதி. அடுத்து, பயாஸ் அமைப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்து வைத்தேன். இந்தப் படங்கள் பிறகு எப்படிக் காப்பாற்றின என்று சொல்கிறேன்.

செய்யாமல் விட்டது ஒன்று. பயாஸ் கோப்போடு வந்த விளக்கக் குறிப்பை முழுமையாகப் படிக்கவில்லை. கட்டளை எது என்று தேடி அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

யுபிஎஸ் சார்ஜ் முழுமையாக இருந்தது. பென்டிரைவிலிருந்து ஃபிரீடாஸ் என்ற சிறு இயங்குதளத்தை ஏற்றி, கட்டளையைக் கொடுத்தேன். சில வரிகள் ஓடின. பெட்டி தானாக மறுதொடக்கம் ஆனது. முடிந்துவிட்டது என்று எண்ணினேன். மீண்டும் பென்டிரைவிலிருந்தே ஏறி, அதே கட்டளை தானாக மறுபடியும் ஓடத் தொடங்கியது. அழிக்கிறது என்ற வரி வந்தது. ஏற்கெனவே எழுதியதை ஏன் அழிக்கிறது, எங்கோ சுழலில் மாட்டிக்கொண்டது என்று பதறிப்போய்ப் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நான்கு விநாடி. பெட்டி அணைந்தது. அதன் பிறகு திரை வரவேயில்லை.

அது சுழல் இல்லை. அன்றிரவு குறிப்பை வரிவரியாகப் படித்தபோது ஆறாவது பத்தியில் இருந்தது. அந்த மதர்போர்டின் பயாஸ் சிப்பை மனை போலப் பிரித்திருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு வரைபடம். அதில் இன்டெலின் மேலாண்மை எஞ்சினுக்கு (சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி) ஒரு பகுதி, பயாஸுக்கு ஒரு பகுதி என்று அளந்து குறித்திருக்கும். இரண்டாம் பதிப்புச் செயலிக்கான பயாஸில் அந்த எல்லைக் கற்கள் இடம் மாறுகின்றன. அதனால் அப்டேட்டுக்கு இரண்டு கட்டம். முதல் ஓட்டத்தில் வரைபடம் மாறும். மறுதொடக்கத்துக்குப் பிறகு இரண்டாவது ஓட்டத்தில் உள்ளே இருப்பவை புதிய இடத்தில் எழுதப்படும். நான் நிறுத்தியது அந்த இரண்டாவது ஓட்டத்தின் நடுவில். ஃபிளாஷ் சிப்பில் பழைய எழுத்தின் மேல் அப்படியே புதியதை எழுத முடியாது. ஒரு பகுதியை முதலில் முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் எழுத முடியும். துடைத்ததற்கும் எழுதுவதற்கும் இடையில் மின்சாரம் போனால், அங்கே பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

அந்த இரவு என்னால் மறக்க முடியாதது அறையின் சத்தம். செயலியின் வெப்பம் எவ்வளவு என்று சொல்ல ஆளில்லாததால் விசிறிகள் அத்தனையும் முழு வேகத்தில் இரைந்தன. கச்சான் காற்றில் தகரக் கூரை அதிர்வதைப் போன்ற சத்தம். முதலாளி வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, கணக்கு போய்விட்டதா?"

"கணக்கு பத்திரமாக இருக்கிறது அண்ணே. என் மடிக்கணினியிலேயே இப்போது காட்டுகிறேன். பெட்டிதான் எழுந்திருக்கவில்லை."

அவர் பார்த்தார், தலையசைத்தார், போய்விட்டார். அந்தப் பிரதி மட்டும் இல்லாதிருந்தால் அடுத்த மூன்று நாட்களும் எனக்குக் கை நடுங்கியிருக்கும். நடுங்கும் கையோடு இந்த வேலையில் எதையும் செய்யக் கூடாது.

இப்படி ஒரு பெட்டி எழாமல் கிடந்தால், செத்தது எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சர்வருக்குள் இரண்டு மூளை உண்டு. செயலியும் பயாஸும் ஒன்று. பிஎம்சி என்ற சிறு மேலாண்மைச் சிப் மற்றொன்று. பவர் கயிறு செருகியிருந்தாலே, பெட்டி அணைந்திருந்தாலும், பிஎம்சி விழித்திருக்கும். அதற்குத் தனி ஃபர்ம்வேர், தனி ஃபிளாஷ் சிப், தனி நெட்வொர்க் துளை. மடிக்கணினியை அந்தத் துளையில் நேரடியாக இணைத்துப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) கொடுத்தேன். பதில் வந்தது. உலாவியில் அதன் பக்கம் திறக்கவில்லை. பழைய பெட்டி, பழைய மறையாக்க முறை, இன்றைய உலாவி மறுத்துவிட்டது. அதற்காக உலாவியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பிஎம்சிகள் பேசும் ஐபிஎம்ஐ 2.0 விதிமுறை 2004இலிருந்து இருப்பது. லினக்ஸில் ஐபிஎம்ஐ டூல் என்ற கட்டளை வழியாகவே எல்லாம் கேட்கலாம். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் மூன்றும் சரியாக இருந்தன. பவர் சப்ளை நல்லது. மதர்போர்டு நல்லது. பயாஸ் சிப்பின் உள்ளடக்கம் மட்டும்தான் கெட்டது. ஒரு மணி நேரத்தில் இது தெளிந்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

சனிக்கிழமை, ஆபத்தில்லாத வழிகளை ஒவ்வொன்றாக முயன்றேன். இரண்டு பவர் கயிறுகளையும் பிடுங்கி, சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி, சிமாஸை (பயாஸ் அமைப்புகள் இருக்கும் சிறு நினைவகம்) அழிக்கும் முனைகளைத் தொட்டு இணைத்தேன். பேட்டரியை அளந்தால் 2.6 வோல்ட், புதியது 3 வோல்ட் காட்ட வேண்டும். மாற்றினேன். எழவில்லை. அடுத்தது பூட் பிளாக் மீட்பு. பென்டிரைவில் பயாஸ் கோப்பைத் தயாரிப்பாளர் சொல்லும் பெயரில் வைத்து, கண்ட்ரோல், ஹோம் விசைகளை அழுத்தியபடி பவர் கொடுக்கும் முறை. பூட் பிளாக் என்ற கடைசிப் பகுதி பிழைத்திருந்தால் பென்டிரைவின் விளக்கு மின்னும். மின்னவில்லை. பிஎம்சி வழியாகவே பயாஸை எழுதும் வசதியும் இருந்தது; அந்தத் தலைமுறையில் அதற்குத் தனி உரிமச் சாவி கேட்டது.

இனி சிப்பை நேரடியாக எழுத வேண்டியதுதான். அதற்கான கருவி என்னிடம் இல்லை. யாரிடம் இருக்கும் என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தவர் ராமநாதபுரத்தில் எல்இடி டிவி சரிசெய்யும் அண்ணன். லோகோவிலேயே நின்றுவிடும் டிவிகளில் பாதிக்குச் சிப்பில் எழுதியது கெட்டிருக்கும். அவர்கள் அதை நாள்தோறும் எழுதுகிறார்கள். சர்வர் நிபுணர்களைத் தேடிச் சென்னைக்கும் மதுரைக்கும் ஃபோன் செய்வதற்கு முன் உள்ளூர் டிவி மெக்கானிக்கைப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். பஸ் பிடித்து, உச்சிப்புளி தாண்டிப் போய், கடையில் அவரைப் பார்த்தேன். மதர்போர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எட்டுக் கால் சிப்தான் தம்பி. பெட்டியை பஸ்ஸில் ஏற்றாதே. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்."

வந்தார். கையில் ஒரு டிபன் பாக்ஸ். உள்ளே சிப்பில் எழுதும் சிஎச்341ஏ புரோகிராமர், அதைச் சிப்பின் கால்களோடு இணைக்கும் கவ்வி, பழைய பல்துலக்கி, ஒரு சிறு பாட்டில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்). அந்தப் புரோகிராமரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் கறுப்புப் பலகைகளில் சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்டாக இருந்தாலும், தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். டிவி சிப் ஒன்று போனால் வேறு கிடைக்கும். 2013ஆம் ஆண்டு சர்வர் போர்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். அண்ணன் தன் பலகையில் இணைப்பை மாற்றி 3.3 வோல்ட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மல்டிமீட்டரை வைத்து எனக்கு அளந்தும் காட்டினார். சில சிப்புகள் 1.8 வோல்ட்டுக்கானவை. அவற்றுக்கு இடையில் தனி அடாப்டர் வேண்டும். சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படித்து, அதன் தரவுத்தாளைப் பார்க்காமல் கவ்வியை வைக்கக் கூடாது.

பெட்டியைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்தி வைத்திருந்தேன். குளிர்ந்த போர்டின் மேல் கடற்காற்றுப் பட்டால் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் போல. அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். கடற்கரையில் மின்னணுப் பொருட்களைக் கையாளும் எவரும் இந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடியைத் திறந்து கைபேசி விளக்கைப் பிடித்தேன். சிப் ஒரு சுண்டுவிரல் நகத்தில் பாதி. பக்கத்துக்கு நான்கு கால். ஒரு மூலையில் ஊசி முனை அளவு புள்ளி. அதுதான் முதல் காலின் அடையாளம். கவ்வியின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். கால்களைப் பார்த்த அண்ணன் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். நீலப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

"உப்பு மட்டும் இல்லை தம்பி. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

ஐஸ் கம்பெனி. அம்மோனியா ஓடுகிற இடம். அம்மோனியா செம்பைத் தின்னும். அதனால்தான் அங்கே குழாய்களெல்லாம் இரும்பு. எப்போதாவது லேசாக வாடை வரும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையைத் தொடர்வோம். பெட்டிக்குள் இருந்த செம்பு பத்தாண்டுக்கு மேல் அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தச் சுவரில் இருந்த துளைகளை அடைத்து, சர்வரை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம். ஃபர்ம்வேர் கெடாமல் இருந்திருந்தால் இது தெரியவந்திருக்காது.

பவர் கயிறு இரண்டையும், பட்டன் பேட்டரியையும் கழற்றிவிட்டுக் கவ்வியை வைத்தோம். முதலில் எழுதவில்லை, படித்தோம். சிப்பில் இருப்பதை அப்படியே ஒரு கோப்பாக எடுப்பது. கோப்பைத் திறந்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை எஃப்எஃப், எஃப்எஃப். துடைத்த சிப்பைப் படித்தால் வருவது இதுதான். சிப் வெறுமையாகிவிட்டது என்று நினைத்து எழுத ஆரம்பிக்கும் இடம் இதுதான். அண்ணன் கையை உயர்த்தினார். கால் தொடாவிட்டாலும் எஃப்எஃப்தான் வரும் என்றார். ஐபிஏ தொட்டுப் பல்துலக்கியால் கால்களை நிதானமாகத் தேய்த்தார். உலர விட்டார். கவ்வியை மறுபடி வைத்தார். இப்போது எழுத்துகள் வந்தன. இரண்டாம் முறை படித்து, இரு கோப்புகளின் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டோம். பொருந்தவில்லை. கவ்வியைச் சற்றே அழுத்தினார், மூன்றாம் முறை. பிறகு நான்காம் முறை. மூன்றாவதும் நான்காவதும் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருந்தன.

கெட்டுப்போன உள்ளடக்கத்தை எதற்கு இவ்வளவு பாடுபட்டுப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். அன்று காலை கரையில் பார்த்தது மனதில் இருந்தது. படகு ஆசாரிகள் உளுத்த பலகையைக் கழற்றியதும் எறிவதில்லை. அதைத் தரையில் வைத்து, அதன் வளைவையும் ஆணித் துளையையும் பார்த்துப் புதுப் பலகையை அறுக்கிறார்கள். உளுத்ததில்தான் அளவு இருக்கிறது. தயாரிப்பாளர் தரும் பயாஸ் கோப்பு எல்லாப் போர்டுகளுக்கும் பொது. இந்தப் போர்டுக்கே உரிய சீரியல் எண்ணும் யுயுஐடி என்ற அடையாளமும் இந்தச் சிப்பில்தான் பதிந்திருந்தன. சில போர்டுகளில் நெட்வொர்க்கின் மேக் முகவரியும் அங்கேயே இருக்கும். அவற்றை முழுக்க அழித்துவிட்டு எழுதினால் பெட்டி எழும், ஆனால் தன் பெயர் தெரியாமல் எழும். எங்கள் கோப்பில் தேடினோம். போர்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீரியல் எண் அப்படியே கிடைத்தது. அந்தப் பகுதி துடைக்கப்படாமல் தப்பியிருந்தது.

எழுதுவதற்கு முன் அளவு பார்த்தோம். சிப்பின் எண் 128 என்று முடிந்தது. அது மெகாபிட்; எட்டால் வகுத்தால் 16 மெகாபைட். தயாரிப்பாளரின் கோப்பும் சரியாக 1,67,77,216 பைட். ஒரு பைட் கூடக் குறைய இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். சில நிறுவனங்களின் கோப்புகளில் முன்னால் உறை போல ஒரு பகுதி இருக்கும். அதையும் சேர்த்து எழுதினால் எல்லாம் இடம் தள்ளிப் போய்விடும்.

அழித்தோம், எழுதினோம், எழுதியதை மறுபடி படித்துச் சரிபார்த்தோம். எழுதும் நேரம் முழுவதும் அண்ணன் மேசையில் யாரையும் கைவைக்க விடவில்லை. கவ்வி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பேட்டரியைப் போட்டு, கயிறுகளைச் செருகி, பவர் கொடுத்தோம். திரை கறுப்பு. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தானாக அணைந்து தானாக எழுந்தது. என் விரல் பொத்தானை நோக்கிப் போனதை நானே உணர்ந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். புதிய பயாஸ் முதல்முறை எழும்போது நினைவகத்தை அளந்து பழக வேண்டும், மேலாண்மை எஞ்சினோடு பேச வேண்டும். ஒன்றிரண்டு முறை தானே மறுதொடக்கம் ஆவதும் உண்டு. பதினைந்து நிமிடமாவது விட்டுவிட வேண்டும். ஆறாவது நிமிடம் விசிறிகளின் இரைச்சல் படிப்படியாகத் தணிந்தது. அக்கா அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். திரையில் எழுத்து வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அத்தோடு முடியவில்லை. டிஸ்க் ஒன்றும் இல்லை என்றது திரை. இந்த இடத்தில் பதறி ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) பட்டியலுக்குள் போய்ப் புதிதாக ஒன்றை உருவாக்கினால்தான் கணக்கு உண்மையாகவே போகும். பயாஸ் புதிதானதும் அமைப்புகள் எல்லாம் ஆலைநிலைக்குத் திரும்பியிருந்தன. படமெடுத்து வைத்திருந்த பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். சாட்டா முறை, அதாவது டிஸ்க்குகள் இணையும் விதம், பழையதில் ரெய்டு, இப்போது ஏஎச்சிஐ. மாற்றினேன். நான்கு டிஸ்க்கும் வந்தன. பூட் முறை, தேதி, மின்சாரம் போய் வந்தால் தானே எழும் அமைப்பு என ஒவ்வொரு படமாகப் பார்த்துப் பழையபடி வைத்தேன்.

கணக்கு மென்பொருள் மட்டும் இந்தக் கணினி பதிவு செய்யப்படவில்லை என்று சொல்லி நின்றது. எதிர்பார்த்ததுதான். பழைய கோப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த சீரியல் எண்ணையும் யுயுஐடியையும் தயாரிப்பாளரின் கருவியால் திரும்ப எழுதி, மறுதொடக்கம் செய்தேன். மென்பொருள் திறந்தது. அக்கா உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை தேடிய அதே நான்கு சீட்டுகளை மறுபடி தேடினார். நான்கும் இருந்தன.

செயலியை அன்றே மாற்றவில்லை. ஒரு வாரம் பழைய செயலியோடு ஓட விட்டு, பிஎம்சியின் பதிவேட்டில் புதிதாகப் பிழை எதுவும் வரவில்லை என்று பார்த்த பிறகே மாற்றினேன். ஒரே நாளில் இரண்டை மாற்றினால், தவறு எதில் என்று கண்டுபிடிக்க வழி இருக்காது.

அண்ணன் கூலியாகக் கேட்டது சொற்பம். போகும்போது, சரியான பயாஸ் கோப்பின் பிரதி ஒன்றைத் தன் பென்டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். அவர் கடையில் டிவி மாடல் வாரியாக இப்படிச் சேர்த்து வைத்த நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கின்றன. கெட்ட கோப்பு, நல்ல கோப்பு, இரண்டின் எஸ்எச்ஏ எண், அமைப்புப் படங்களின் அச்சு, குறிப்பின் ஆறாவது பத்தி ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்து இந்தப் பெட்டியைத் திறப்பவர் நானாக இல்லாமலும் இருக்கலாம்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்தது. முதல் படகுகள் திரும்பிய காலை, தராசு அருகே நின்றிருந்தேன். அக்கா திரையைப் பார்த்தபடியே சீட்டு போட்டுக்கொண்டிருந்தார். கணவாய் 42 கிலோ, நண்டு 18 கிலோ, அடுத்த படகு யாருடையது என்று கேட்டார்.